ஜெபத்துக்கும் அன்றாடத்துக்கும் நடுவே: சீடத்துவத்தில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

உயிர்த்தெழுந்த இயேசு தம் சீடர்களை அனுப்பும்போது, தாம் கட்டளையிட்ட யாவையும் மக்கள் கைக்கொள்ளும்படி உபதேசியுங்கள் என்றார் (மத்தேயு 28:20). தெரிந்துவைத்திருந்தால் போதும் என்று சொல்லவில்லை. சிலுவையை அநுதினமும் எடுத்துக்கொண்டு பின்பற்றும்படி லூக்கா 9:23 அழைக்கிறது. சீடத்துவம் ஞாயிறு ஆராதனையோடு முடிகிற விஷயம் அல்ல என்பது சபைக்குப் போகிற எல்லாருக்கும் தெரியும். தெரிந்த பிறகும் திரும்பத் திரும்ப ஒரே இடங்களில் தடுக்கி விழுகிறோம்.

விசுவாசம் இல்லாததால் சோர்ந்துபோகிறவர்களைவிட, ஜெபம், வேத வாசிப்பு, உபவாசம், ஓய்வு, ஐக்கியம் இதெல்லாம் எதற்காக என்ற குழப்பத்தால் சோர்ந்துபோகிறவர்கள்தான் அதிகம் என்று எனக்குத் தோன்றுகிறது. ஜெப நேரத்தை ஒரு பக்கமாகவும் மற்ற நேரத்தை இன்னொரு பக்கமாகவும் பிரித்து வைத்துவிடுகிறோம். பிறகு ஜெபம் வறண்டுபோகிறது, வாழ்க்கை அதன் போக்கில் போகிறது. கீழே வருகிற தவறுகளில் பலவும் அந்தப் பிரிவினையிலிருந்து கிளம்புகிறவைதான்.

கணக்கு வைக்கிற பக்தி

லூக்கா 18-இல் தேவாலயத்துக்கு ஜெபிக்கப் போன பரிசேயன் (நியாயப்பிரமாணத்தைக் கண்டிப்பாகக் கைக்கொள்ளும் யூதப் பிரிவைச் சேர்ந்தவன்) பொய் சொல்லவில்லை. வாரத்தில் இரண்டு தரம் உபவாசம், வருமானம் எல்லாவற்றிலும் தசமபாகம், அதாவது பத்தில் ஒரு பங்கு. நியாயப்பிரமாணம் கட்டளையிட்ட உபவாச நாள் வருடத்துக்கு ஒன்றுதான்: பாவநிவாரண நாள். அவன் கேட்டதற்கு மேலேயே செய்துகொண்டிருந்தான். ஆனால் ஜெபத்தின் நடுவில் அவன் கண் தூரத்தில் நின்ற ஆயக்காரன் (வரி வசூலிப்பவன்) மேல் போகிறது. தேவனுக்கு முன் நிற்கும்போதே அடுத்தவனோடு தன்னை அளந்து பார்க்கிறான். அந்த இடத்தில் அவனுடைய உபவாசமும் தசமபாகமும் ஆயக்காரனைத் தாழ்த்திப் பார்க்க ஏறி நிற்கும் மேடையாகிவிட்டன.

இன்று இதே தவறு வேறு வடிவத்தில் வருகிறது. கைபேசியில் இருக்கிற வேதாகமச் செயலி, எத்தனை நாள் தொடர்ச்சியாக வாசித்தோம் என்று எண்ணிக் காட்டுகிறது. அது ஒரு உதவிதான், தப்பில்லை. ஆனால் எண்ணிக்கை உடைந்துவிடக் கூடாதே என்று இரவு பதினொன்றே முக்காலுக்குப் படுக்கையில் சாய்ந்தபடி ஒரு அதிகாரத்தை விரலால் தள்ளிவிட்டுத் தூங்குகிறோம் என்றால், அங்கே வாசிப்பு நடக்கவில்லை. எண்ணைக் காப்பாற்றியிருக்கிறோம், அவ்வளவுதான்.

ஸ்காட்லாந்தின் டண்டீ நகரில் போதகராக இருந்த ராபர்ட் முர்ரே மெக்செய்ன், தம் சபைக்காக ஒரு வேத வாசிப்புத் திட்டத்தை 1842 டிசம்பர் கடைசியில் வெளியிட்டார். ஒரே வருடத்தில் பழைய ஏற்பாட்டை ஒரு முறையும், புதிய ஏற்பாட்டையும் சங்கீதங்களையும் இரண்டு முறையும் முடிக்கிற திட்டம் அது. இன்றும் உலகம் முழுக்கப் பலர் அதைப் பின்பற்றுகிறார்கள். எனக்கு அதில் மிகவும் பிடித்தது, திட்டத்தின் நன்மைகளைச் சொல்வதற்கு முன்பே அதன் ஆபத்துகளை அவர் எழுதி வைத்ததுதான். வாசிப்பு வெறும் சடங்காகலாம். முடித்துவிட்டோம் என்ற சுயநீதி வரலாம். கவனமில்லாமல் கண் ஓடலாம். சிலருக்கு அது சுமக்க முடியாத நுகமாகிவிடலாம். அடுத்த மார்ச்சில், 29 வயதில், அவர் இறந்துபோனார். திட்டம் போட்டவரே இப்படி எச்சரித்திருக்கிறார் என்பது, தேதி பிந்திப்போனதற்காகக் குற்ற உணர்வில் தவிக்கிறவர்களுக்கு ஆறுதலாக இருக்க வேண்டும்.

நடைமுறையில் ஒன்று சொல்கிறேன். ஐந்து நாள் விட்டுப்போனால் ஆறாம் நாள் உட்கார்ந்து இருபது அதிகாரங்களை விரட்டி முடிக்க வேண்டாம். இன்றைய பகுதியை மட்டும் வாசியுங்கள். விட்டுப்போனது வேதாகமத்தில் அப்படியே இருக்கிறது, அடுத்த முறை வரும். பாதியில் கைவிடுகிறவர்களில் பெரும்பாலானவர்கள் லேவியராகமம் கடினமாக இருக்கிறது என்பதால் கைவிடுவதில்லை. பாக்கி சேர்ந்துபோன பயத்தில்தான் கைவிடுகிறார்கள்.

கிருபை இருக்கிறதே, பிறகு எதற்கு முயற்சி?

இது எதிர்ப்பக்கத்துத் தவறு. கணக்குப் பக்தியில் காயப்பட்டவர்கள் பெரும்பாலும் இங்கே வந்து நிற்பார்கள். எபேசியர் 2:8, 9 மனப்பாடமாக இருக்கும்: கிருபையினாலே விசுவாசத்தைக்கொண்டு இரட்சிக்கப்பட்டீர்கள். நற்கிரியைகளைச் செய்வதற்காகவே சிருஷ்டிக்கப்பட்டோம் என்கிற பத்தாம் வசனம் மட்டும் நினைவுக்கு வராது.

கிருபை இலவசம், ஆனால் அதை மலிவாக்கிவிட்டோம் என்று 1937-இல் எழுதிய ஜெர்மானியப் போதகர் டீட்ரிச் பொன்ஹோஃபர் எப்படி வாழ்ந்தார் என்று பார்த்தால் கிருபையும் முயற்சியும் எங்கே சேர்கின்றன என்று தெரியும். 1935 முதல் 1937 வரை அவர் பின்கென்வால்டே என்ற இடத்தில், ஹிட்லரின் அரசுக்குப் பணியாத சபைக்காக இளம் போதகர்களைப் பயிற்றுவித்தார். அங்கே தினமும் அரை மணி நேரம் மௌன தியானம் உண்டு. ஒரே சிறு வேதப் பகுதி, ஒரு வாரம் முழுக்க. பிரசங்கத்துக்குக் குறிப்பு எடுக்கக் கூடாது, மூல மொழியில் தேடக் கூடாது. மாணவர்கள் பலருக்கு ஆரம்பத்தில் அது எரிச்சலாகவே இருந்தது. 1937-இல் இரகசியப் போலீஸ் அந்த இடத்தை இழுத்து மூடியது. கிருபையை அவ்வளவு அழுத்திச் சொன்ன மனிதர்தான் அந்த அரை மணி நேரத்தை விட்டுக்கொடுக்காமல் பிடித்துக்கொண்டார். முயற்சி கிருபைக்கு எதிரி அல்ல. இதைச் செய்ததால் எனக்கு இது உரிமை என்று தேவனிடம் நீட்டுவதுதான் எதிரி.

வசனத்தைக் கிள்ளி எடுப்பது

எரேமியா 29:11 எத்தனை சுவர்களில், எத்தனை வாழ்த்து அட்டைகளில் இருக்கிறது! நமக்காகத் தேவன் நினைத்திருப்பவை தீமைக்கல்ல, சமாதானத்துக்கானவை என்ற வசனம். அது உண்மையான வாக்குத்தத்தம். ஆனால் அது யாருக்கு, எப்போது வந்தது என்று ஒரு நிமிடம் நின்று பார்ப்பது நல்லது.

அது ஒரு கடிதத்தின் பகுதி. எருசலேமிலிருந்து பாபிலோனுக்குப் பிடித்துக்கொண்டு போகப்பட்டவர்களுக்கு எரேமியா எழுதி அனுப்புகிறார். அதற்கு முந்தைய அதிகாரத்தில் அனனியா என்ற தீர்க்கதரிசி எழுந்து, இரண்டே வருடத்தில் எல்லாரும் திரும்பிவிடுவார்கள் என்று கூட்டத்துக்கு முன்னால் சொல்லியிருந்தான். எல்லாரும் கேட்க விரும்பிய செய்தி அது. எரேமியாவின் கடிதமோ எழுபது வருடம் என்கிறது. பெட்டியைக் கட்டி வைத்துக் காத்திருக்காதீர்கள்; வீடு கட்டுங்கள், தோட்டம் போடுங்கள், பிள்ளைகளுக்குக் கல்யாணம் செய்து வையுங்கள், உங்களைச் சிறைபிடித்த அந்த நகரத்தின் சமாதானத்துக்காக ஜெபியுங்கள் என்கிறது. கடிதத்தைக் கையில் வாங்கியவர்களில் நாற்பது வயதுக்காரர் ஒருவர் இருந்திருந்தால், தன் கண்ணால் எருசலேமைத் திரும்பப் பார்க்கப் போவதில்லை என்பது அவருக்குப் புரிந்திருக்கும். அந்தக் கூட்டத்துக்குத்தான் பதினோராம் வசனம் சொல்லப்பட்டது.

இதைத் தெரிந்து வாசிக்கும்போது வசனத்தின் பலம் கூடுகிறதே தவிர குறையவில்லை. கேட்ட வேலை கிடைக்காமல் போனவருக்கும், வியாதி நீடிக்கிறவருக்கும், அது பொய்த்துப்போன வாக்குறுதியாகத் தெரியாது. மாறாத சூழ்நிலையிலும் தோட்டம் போடச் சொல்கிற வார்த்தையாகத் தெரியும். அனனியாவைப்போல் அவசர சமாதானம் சொல்கிற குரல்கள் எல்லாக் காலத்திலும் உண்டு. முழுக் கடிதத்தையும் வாசிக்கிற பழக்கம்தான் அவற்றை அடையாளம் காண உதவும்.

பிலிப்பியர் 4:13-க்கும் இதே கதிதான். எல்லாவற்றையும் செய்யப் பெலனுண்டு என்று பவுல் சொல்வது வெற்றி மேடையில் நின்று அல்ல, சிறையிலிருந்து. பட்டினியாயிருக்கவும் பரிபூரணமடையவும் கற்றுக்கொண்டேன் என்கிறது முந்தைய வசனம். பிலிப்பியர் மொத்தமே நான்கு அதிகாரம். ஒரே மூச்சில், சத்தமாக, கடிதமாகவே ஒரு தடவை வாசித்துப் பாருங்கள். தினம் ஒரு வசனமாகப் பிய்த்து வாசித்ததில் கிடைக்காதது அதில் கிடைக்கும்.

வாசித்ததில் ஏதாவது ஒன்றைச் செய்யாமல் அடுத்த பகுதிக்குப் போய்க்கொண்டே இருப்பதும் இதோடு சேர்ந்த தவறு. கண்ணாடியில் முகம் பார்த்துவிட்டு உடனே மறந்துபோகிறவன் என்று யாக்கோபு சொல்வது இந்த ஆளைத்தான் (1:23, 24). குறிப்பேடு நிறைந்திருக்கும், மனம் அப்படியே இருக்கும்.

ஜெபம்: நேரம், நீளம், உணர்ச்சி

இயேசு அதிகாலையில், இருட்டோடே எழுந்து வனாந்தரமான இடத்துக்குப் போய் ஜெபித்தார் என்று மாற்கு 1:35 சொல்கிறது. இதை வைத்து, அதிகாலையில் எழாதவருக்கு ஆவிக்குரிய வாழ்க்கையே இல்லை என்பதுபோல் பேசுகிறவர்கள் உண்டு. அதே இயேசு ஒரு இரவு முழுக்க ஜெபித்திருக்கிறார் (லூக்கா 6:12). ஜனங்களை அனுப்பிவிட்டுச் சாயங்காலத்தில் தனியே மலையேறியிருக்கிறார் (மத்தேயு 14:23). தானியேல் நாளுக்கு மூன்று வேளை முழங்கால்படியிட்டார். இரவுப் பணி முடித்து ஏழு மணிக்கு வீடு திரும்புகிற செவிலியருக்கும், இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை பால் கேட்டு அழுகிற குழந்தையை வைத்திருக்கிற தாய்க்கும் அதிகாலை ஐந்து மணியைச் சட்டமாக்குவது அவர்கள்மேல் அநியாயமாகச் சுமை ஏற்றுவதாகும்.

அந்த வசனத்தில் கவனிக்க வேண்டியது கடிகாரம் அல்ல, அதன் முன்னும் பின்னும்தான். முந்தின நாள் கப்பர்நகூமில் ஜெப ஆலயத்தில் போதனை, பிசாசு பிடித்தவனுக்கு விடுதலை, சீமோனின் மாமியாருக்குச் சுகம், சூரியன் அஸ்தமித்ததும் ஊர் முழுவதும் வாசலில். அப்படிப்பட்ட ஒரு நாளுக்குப் பிறகு அவர் எழுந்து தனியே போகிறார். சீமோனும் மற்றவர்களும் தேடிக்கொண்டு வந்து, எல்லாரும் உம்மைத் தேடுகிறார்கள் என்கிறார்கள். நமக்கு அப்படி ஒரு அழைப்பு வந்தால் உடனே ஓடுவோம். அவரோ, அடுத்த ஊர்களுக்குப் போவோம் வாருங்கள் என்கிறார். எதற்குச் சம்மதிப்பது, எதற்கு மறுப்பது என்பது அந்தத் தனிமையில் தெளிவாகியிருந்தது. ஜெபம் நம் நாளின் வேலைப் பட்டியலைத் தொடவே இல்லை என்றால், இன்னும் நாம் வெளிவாசலில்தான் நிற்கிறோம் என்று நினைக்கிறேன்.

நீளத்தைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. அதிக வசனிப்பினால் கேட்கப்படுவோம் என்று நினைக்காதீர்கள் என்று இயேசுவே சொல்லிவிட்டார். ஆரம்பத்திலேயே ஒரு மணி நேரம் என்று தீர்மானித்து மூன்றாம் நாளில் நொறுங்குவதைவிட, பத்து நிமிடத்தை விடாமல் பிடித்துக்கொள்வது மேல்.

உணர்ச்சிதான் பெரிய சிக்கல். கண்ணீர் வந்தால் நல்ல ஜெபம், வராவிட்டால் தேவன் தூரமாகிவிட்டார் என்று ஒரு அளவுகோல் நமக்குள் எப்படியோ வந்துவிடுகிறது. கூடவே, தேவனிடம் கோபமாகவோ குழப்பமாகவோ பேசக் கூடாது என்ற கட்டுப்பாடு. சபையில் நன்றியும் துதியும் மட்டும்தான் அனுமதி என்பதுபோல் நடந்துகொள்கிறோம். சங்கீத புத்தகத்தைத் திறந்தால் நிலைமை வேறு. எதுவரைக்கும் என்னை மறந்திருப்பீர் என்று தொடங்குகிறது 13-ஆம் சங்கீதம். அது ஆறே வசனத்தில் பாட்டாக மாறிவிடுகிறது, சரி. ஆனால் 88-ஆம் சங்கீதம் மாறவே மாறாது. இரவும் பகலும் கூப்பிடுகிறேன், ஏன் முகத்தை மறைக்கிறீர் என்று கேட்டுக்கொண்டே போய், நண்பர்கள் விலகிப்போன இருளில் முடிகிறது. ஆறுதலாக ஒரு கடைசி வரிகூட இல்லை. அப்படிப்பட்ட ஜெபத்தையும் தேவஜனம் தங்கள் ஜெபப் புத்தகத்தில் வைத்துக் காத்தது. சிலுவையில் இயேசு எடுத்துச் சொன்னதும் ஒரு புலம்பல் சங்கீதத்தின் முதல் வரியைத்தான்.

துக்கத்தில் இருக்கும் ஒருவரிடம் "ஸ்தோத்திரம் சொல்லுங்கள், எல்லாம் சரியாகிவிடும்" என்று அவசரப்படுத்தாதீர்கள். அவரோடு உட்கார்ந்து 88-ஐ வாசியுங்கள். வார்த்தையே வராத நாட்களில் இன்னொருவருடைய வார்த்தையைக் கடன் வாங்கி ஜெபிக்கலாம், அதுவும் ஜெபம்தான்.

உபவாச நாளின் சாயங்காலம்

ஒரு காட்சியை எண்ணிப் பாருங்கள். வீட்டில் ஒருவர் காலையிலிருந்து உபவாசம். சாயங்காலம் ஆறு மணிக்குத் தலைவலி. பிள்ளை பாடத்தில் சந்தேகம் கேட்டு வருகிறது, ஒரு அதட்டல். வாழ்க்கைத் துணை ஏதோ கேட்கிறார், "நான் உபவாசத்துல இருக்கேன்னு தெரியாதா?" என்று ஒரு சீறல். வீட்டு வேலைக்கு வந்தவர் சம்பளத்தைப் பற்றி மெதுவாக ஆரம்பிக்கிறார். அடுத்த வாரம் பார்க்கலாம் என்று பதில். இரவு உபவாசம் முடிகிறது, ஜெபமும் முடிகிறது, திருப்தியாகத் தூக்கம்.

ஏசாயா 58 கிட்டத்தட்ட இந்த வீட்டைப் பார்த்து எழுதப்பட்டதுபோலவே இருக்கும். நாங்கள் உபவாசிக்கிறோம், நீர் ஏன் பார்க்கவில்லை என்று ஜனங்கள் கேட்கிறார்கள். உபவாச நாளிலேயே உங்கள் இஷ்டத்தைத் தேடுகிறீர்கள், வேலைக்காரரை நெருக்குகிறீர்கள், சண்டைக்கும் குத்துக்கும் கை ஓங்குகிறீர்கள் என்று பதில் வருகிறது. பிறகு, தேவன் தெரிந்துகொண்ட உபவாசம் எது என்ற பட்டியல்: அக்கிரமக் கட்டுகளை அவிழ்ப்பது, பசியுள்ளவனோடு ஆகாரத்தைப் பகிர்வது, துரத்துண்டவனை வீட்டில் சேர்த்துக்கொள்வது, சொந்த மாம்சமானவனிடமிருந்து ஒளித்துக்கொள்ளாதிருப்பது.

ஆதிசபை இதை மறக்கவில்லை. முதல் நூற்றாண்டின் கடைசியையோ இரண்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தையோ சேர்ந்த டிடாக்கே என்ற போதனை நூல், புதனும் வெள்ளியும் உபவாசிக்கச் சொல்கிறது. இரண்டாம் நூற்றாண்டில் ரோமில் எழுதப்பட்ட ஹெர்மாஸின் மேய்ப்பன் இன்னும் ஒரு படி போகிறது: உபவாச நாளில் உண்ணாமல் விட்ட உணவின் விலையைக் கணக்கிட்டு, அதை விதவைக்கோ அனாதைக்கோ இல்லாதவருக்கோ கொடு. இப்படிச் செய்தால் நம் பசி இன்னொருவருடைய பசியைத் தீர்க்கிற வழியாகிவிடுகிறது. நினைத்ததைத் தேவனிடமிருந்து கறந்துகொள்ள உபவாசத்தை நெம்புகோலாக்குகிற எண்ணத்துக்கும் அங்கே இடம் இருக்காது.

ஒரு எச்சரிக்கை. சர்க்கரை நோய்க்கு மருந்து எடுப்பவர்கள், கர்ப்பிணிகள், பாலூட்டுகிறவர்கள், உணவோடு ஏற்கெனவே போராடிக்கொண்டிருப்பவர்கள் மருத்துவரைக் கேட்காமல் உணவை நிறுத்த வேண்டாம். இதில் விசுவாசக் குறைவு எதுவும் இல்லை. கைபேசித் திரை, வாங்கிக் குவிக்கிற ஆசை, அடுத்தவரைப் பற்றிய பேச்சு என்று விட்டுவைக்க வேறு எவ்வளவோ இருக்கிறது.

வேலையிடத்தில் விசுவாசம்

வேலைக்குப் போகிற விசுவாசி அங்கே என்ன செய்ய வேண்டும் என்று கேட்டால், உடன் வேலை செய்கிறவர்களுக்குச் சுவிசேஷம் சொல்ல வேண்டும் என்று பதில் வரும். சொல்லலாம். ஆனால் யோர்தான் கரையில் ஜனங்கள் வந்து, நாங்கள் என்ன செய்ய வேண்டும் என்று யோவான்ஸ்நானனிடம் கேட்டபோது அவர் சொன்னதைப் பாருங்கள் (லூக்கா 3:10-14). இரண்டு அங்கி வைத்திருப்பவன் இல்லாதவனுக்கு ஒன்றைக் கொடுக்கட்டும். வரி வசூலிக்கிறவர்கள் விதித்ததற்கு மேல் வாங்க வேண்டாம். போர்ச்சேவகர் யாரையும் மிரட்டிப் பறிக்க வேண்டாம், பொய்க்குற்றம் சாட்ட வேண்டாம், சம்பளத்தோடு திருப்தியாக இருக்கட்டும். வேலையை விட்டுவிட்டு வனாந்தரத்துக்கு வா என்று அவர் யாரையும் கூப்பிடவில்லை. ஒவ்வொரு தொழிலிலும் எந்த இடத்தில் கை நீளும் என்று அவருக்குத் தெரிந்திருந்தது. மனந்திரும்புதலை நேராக அந்த இடத்தில் கொண்டுபோய் வைத்தார்.

உங்கள் தொழிலில் அந்த இடம் எது? ஆசிரியருக்கு அது பலவீனமான மாணவனைக் கண்டுகொள்ளாமல் விடுவதாக இருக்கலாம். கணக்கருக்கு ஒரு பில். கடைக்காரருக்கு எடை. மேலாளருக்கு, கீழே இருப்பவர் செய்த வேலையைத் தன் பெயரில் காட்டிக்கொள்வது. மேசைமேல் வசன அட்டையை வைத்துவிட்டு இந்த இடத்தைத் தொடாமல் விடுவது மிகவும் சாதாரணமாக நடக்கிற தவறு. அருகில் இருப்பவர்கள் அட்டையைப் பார்ப்பதில்லை, பில்லைத்தான் பார்க்கிறார்கள்.

ஊழியம் செய்கிறவர்தான் ஆவிக்குரியவர், மற்றவர்கள் இரண்டாம் தரம் என்ற எண்ணமும் இதோடு ஒட்டிக்கொண்டே வருகிறது. பதினேழாம் நூற்றாண்டில் பாரிஸின் ஒரு கர்மேல் சபை மடத்தில் சமையலறையில் வேலை செய்த சகோதரர் லாரன்ஸ் என்பவரை இன்றும் உலகம் நினைவில் வைத்திருக்கிறது. அவருக்குச் சமையலறை வேலை இயல்பாகவே பிடிக்காது. பிடிக்காத அந்த வேலையைத் தேவன்மேல் உள்ள அன்பினிமித்தம் செய்து, பாத்திரங்களின் சத்தத்துக்கு நடுவிலும் அவரோடு பேசிக்கொண்டிருக்கப் பழகினார். ஆரம்பத்தில் மனம் சிதறிக்கொண்டே இருந்தது. சிதறும்போதெல்லாம் தன்னைத் திட்டிக்கொள்ளாமல் திரும்பி வந்தார்.

வீட்டைத் தாண்டிக்கொண்டு போகிற பக்தி

இதைப் பற்றி எழுதும்போது எனக்கு மனம் பதறும். மாற்கு 7-இல் இயேசு கடுமையாகப் பேசுகிற ஒரு இடம் உண்டு. தாய் தகப்பனுக்குச் செய்ய வேண்டிய உதவியை, இது கொர்பான், தேவனுக்குக் காணிக்கை என்று சொல்லி நிறுத்திவிடுகிறவர்களைப் பற்றி. பக்தியின் பெயரால் கடமையிலிருந்து நழுவுவது அந்தக் காலத்திலேயே இருந்தது. இன்று அது வாரம் ஐந்து சாயங்காலமும் கூட்டம், பிள்ளைகள் தூங்கிய பிறகு வீடு திரும்புதல், வயதான பெற்றோரைப் பார்க்க நேரமில்லை என்பதாக வருகிறது.

பலிபீடத்தின் முன் காணிக்கையை வைத்துவிட்டு, முதலில் போய்ச் சகோதரனோடு ஒப்புரவாகு என்கிறது மத்தேயு 5:23, 24. அதைக் கேட்டுக்கொண்டிருந்த கலிலேயருக்குப் பலிபீடம் இருந்தது எருசலேமில், பல நாள் நடைப் பயணத் தூரத்தில். திரும்பிப் போவது எவ்வளவு பெரிய தொல்லை என்று அவர்களுக்குத் தெரியும்.

ஒப்புரவாவதிலும் தவறு நடக்கிறது. "நான் பேசினது உனக்குக் கஷ்டமா இருந்திருந்தா மன்னிச்சுக்கோ" என்பது மன்னிப்புக் கேட்பதே அல்ல; குற்றத்தை எதிராளியின் மனசுக்குத் தள்ளிவிடுவது. "நேற்று எல்லார் முன்னாலயும் உன்னை மட்டம் தட்டிப் பேசினேன். அது தப்பு. மன்னிச்சுக்கோ." இதில் செய்தது என்னவென்று பெயர் சொல்லியாகிவிட்டது; "ஆனால்" என்ற சொல் வரவில்லை. பெற்றோர் பிள்ளைகளிடம் ஒருமுறை இப்படிக் கேட்டுப் பார்க்கட்டும். கிருபையைப் பற்றிப் பல பிரசங்கங்கள் சொல்லாததை அது சொல்லும்.

மன்னிப்பின் பெயரால் இன்னொரு பெரிய அநியாயம் நடக்கிறது. வீட்டில் அடி வாங்குகிறவரிடம், பிள்ளைப் பருவத்தில் பாலியல் கொடுமைக்கு ஆளானவரிடம், மன்னித்துவிட்டு அமைதியாக இரு என்று சொல்வது சீடத்துவம் அல்ல. மன்னிப்பது என்பது குற்றத்தை மறைப்பதோ, ஆபத்துள்ள இடத்துக்குத் திரும்பிப் போவதோ ஆகாது. முதலில் பாதுகாப்பு, பிறகு சட்டப்படி செய்ய வேண்டியது. மன்னிப்பு அவருக்கும் தேவனுக்கும் இடையில், அவர் காலத்தில் நடக்கட்டும். பெயர் கெட்டுவிடும் என்று சபை பயப்படுகிற நேரத்தில் பலவீனமானவர் பக்கம் நிற்பதுதான் இயேசுவின் பக்கம் நிற்பது.

தனியாக, அல்லது தவறான கையில்

இணையத்தில் நல்ல பிரசங்கங்களுக்குக் குறைவே இல்லை. அதை மட்டும் வைத்துக்கொண்டு வளர்ந்துவிடலாம் என்று நினைப்பது இந்தக் காலத்துத் தவறு. பிரசங்கியாருக்கு உங்கள் முகம் தெரியாது. நீங்கள் போன மாதம் யாரிடம் பேசாமல் இருந்தீர்கள் என்றும் தெரியாது.

மெதடிஸ்ட் இயக்கத்தைத் தொடங்கிய ஜான் வெஸ்லியின் சிறுகுழுக்கள் பிறந்த கதை இங்கே பொருந்தும். 1742-இல் இங்கிலாந்தின் பிரிஸ்டலில், ஜெபக்கூடம் கட்டிய கடனை அடைக்க ஒவ்வொருவரும் வாரம் ஒரு பென்னி கொடுப்பது என்று முடிவானது. சுமார் பன்னிரண்டு பேருக்கு ஒருவர் பொறுப்பேற்று, வீடு வீடாகப் போய் வசூலிக்க வேண்டும். அப்படிப் போனவர்கள், ஆராதனையில் தெரியாத பல விஷயங்களை வீடுகளில் கண்டார்கள்: குடி, சண்டை, சோர்வு, தேவை. கடனுக்காகத் தொடங்கியது ஒருவரையொருவர் விசாரிக்கிற கூட்டமாக மாறியது. உன் ஆத்துமா எப்படி இருக்கிறது என்ற கேள்வி அதன் நடுவில் இருந்தது. உங்களிடம் அப்படிக் கேட்கவும், மழுப்பினால் விடாமல் இன்னொரு முறை கேட்கவும் ஒரு ஆளாவது இருக்கிறாரா?

ஆனால் அந்த ஆளைப் பார்த்துத் தேர்ந்தெடுங்கள். யாரைக் கல்யாணம் செய்வது, எந்த வேலைக்குப் போவது, எவ்வளவு கொடுப்பது என்று எல்லாவற்றையும் தானே முடிவு செய்கிற தலைவர், கேள்வி கேட்டாலே கீழ்ப்படியாமை என்று முத்திரை குத்துகிறவர், தனியாகச் சொன்னதைப் பொது ஜெபக் குறிப்பாக்கிவிடுகிறவர், இவர்களிடமிருந்து மரியாதையோடு விலகிவிடலாம்.

ஓய்வைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். களைத்துப்போவதைப் பலர் அர்ப்பணிப்பின் அடையாளமாக நினைக்கிறார்கள். சாக வேண்டும் என்று சூரைச்செடியின் கீழே படுத்த எலியா தீர்க்கதரிசிக்குத் தேவதூதன் முதலில் கொடுத்தது அடையும் தண்ணீரும். சாப்பிட்டுவிட்டு மறுபடியும் தூங்கவிட்டு, இரண்டாம் தரமும் தட்டியெழுப்பிச் சாப்பிட வைத்தான். ஓரேப் மலையில் அவர் கேட்ட தேவனுடைய மெல்லிய சத்தம் அதற்குப் பிறகுதான். ஓய்வுநாள் கட்டளையில் வேலைக்காரனும் வேலைக்காரியும் அந்நியனும் மிருகஜீவனும் இருக்கிறார்கள். நம் ஓய்வுக்காக இன்னொருவரை ஓடவிட்டால் கட்டளையின் பாதியைத்தான் கைக்கொண்டோம்.

விழுந்த பிறகு

நாளைக்கே எல்லாவற்றையும் சேர்த்து ஆரம்பிக்கிறவர்கள் பெரும்பாலும் எல்லாவற்றையும் சேர்த்தே நிறுத்திவிடுவார்கள். ஒன்றை எடுங்கள். உங்களுக்கு எளிதாக வருவதை அல்ல, உங்கள் வீட்டில் இருப்பவர்களுக்கு நல்லதாகிற ஒன்றை. கோபக்காரருக்கு மௌனம், கணக்குப் பார்க்கிறவருக்குக் கொடுத்தல், எப்போதும் ஓடுகிறவருக்கு ஓய்வு. அப்புறம் நேரத்தையும் இடத்தையும் குறித்து, ஒருவரிடம் சொல்லி வையுங்கள்.

இடையில் விழுந்தால், அதை வைத்து எல்லாமே பொய் என்று முடிவுகட்ட வேண்டாம். பேதுரு மறுதலித்ததும் திருப்பிச் சேர்த்துக்கொள்ளப்பட்டதும் எல்லாருக்கும் தெரியும். பெந்தெகொஸ்தேக்குப் பல வருடங்களுக்குப் பிறகு அந்தியோகியாவில், எருசலேமிலிருந்து ஆட்கள் வந்ததும் பயந்துபோய்ப் புறஜாதி (யூதரல்லாத) விசுவாசிகளோடு சாப்பிடுவதை அவர் நிறுத்தினார். பவுல் அதை எல்லாருக்கும் முன்பாகக் கண்டிக்க வேண்டியதாயிற்று (கலாத்தியர் 2:11-14). ஆவியினால் நிரப்பப்பட்ட அப்போஸ்தலர், பந்தியில் யார் பக்கத்தில் உட்காருவது என்ற விஷயத்தில் தவறினார்.

தூங்கும் முன் சில நிமிடம் நாளைத் திரும்பிப் பார்ப்பது இதற்கு உதவும். பதினாறாம் நூற்றாண்டில், இயேசு சபை என்ற துறவற சபையை நிறுவிய லொயோலா இக்னேசியஸ் தம் சகோதரர்களுக்கு விடாமல் சொல்லி வந்த பழக்கம் அது. நன்றி சொல்லித் தொடங்குங்கள். பிறகு காலையிலிருந்து இரவுவரை மனிதர்கள் வழியாகவே நாளைக் கடந்து வாருங்கள்: யாரிடம் பேசினேன், யாரை அவசரத்தில் தள்ளிவிட்டேன், யார் முகம் வாடியது, எங்கே கர்த்தர் என்னைத் தடுத்தும் கேட்கவில்லை. பட்டியல் நீண்டால் பயப்பட வேண்டாம். மன்னிப்புக் கேளுங்கள், நாளை காலை முதலில் யாரிடம் பேச வேண்டும் என்று ஒரே ஒரு பெயரைக் குறித்துக்கொண்டு விளக்கை அணைத்துவிடுங்கள்.